மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்தவர்கள்

வேதசாட்சிகளைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். தலை வெட்டுப்பட்டவர், சிலுவையில் தொங்கியவர், அம்பு பாய்ந்தவர் என்று ஒவ்வொரு ஊர்க் கோயிலிலும் ஒரு சுரூபம் இருக்கும், வருஷத்துக்கு ஒரு திருநாள் இருக்கும். இந்தக் குறிப்பு அவர்களைப் பற்றியது இல்லை. அதிகாரி முன்னால் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கிறிஸ்துவின் முகத்தைக் காலால் மிதித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்ட ஜப்பானியக் குடியானவர்களைப் பற்றியது. அவர்கள் யாருக்கும் சுரூபம் கிடையாது. ஆனால் அந்த நாட்டில் கிறிஸ்தவம் இருநூறு வருடத்துக்கு மேல் ஒளிந்து பிழைத்ததற்கு அவர்கள்தான் காரணம் என்பது என் கட்சி.

மிதிக்கும் அந்தப் படத்துக்கு ஜப்பானிய மொழியில் ஃபுமியெ என்று பெயர். 1629 வாக்கில் நாகசாகியில் ஆரம்பித்தது. முதலில் காகிதப் படம். அது கிழிந்துபோகவே மரச்சட்டத்தில் பதித்த உலோகத் தகடு வந்தது. அதுவும் போதாமல் 1669-ல் ஹாகிவாரா யூசா என்ற நாகசாகிக் கைவினைஞரிடம் சொல்லி இருபது பித்தளைத் தகடுகள் வார்த்தார்கள். இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் தகடுகளில், மிதிபட்டு மிதிபட்டு முகங்கள் தேய்ந்திருப்பதைப் படத்தில் பார்த்தாலே தெரியும். நாகசாகிப் பக்கம் ஒவ்வொரு புத்தாண்டின் தொடக்கத்திலும் வீடு வீடாகப் பேரேட்டில் பெயர் பார்த்து மிதிக்க வைத்தார்கள். கைக்குழந்தையின் காலையும் பிடித்து வைத்து எடுப்பார்கள். படுக்கையில் கிடக்கும் நோயாளியும் தப்ப முடியாது. 1850-களின் கடைசி வரை இது நடந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்க. அறுபது வயது வரை வாழ்ந்த ஒரு ஆள் தன் ஆயுளில் கிட்டத்தட்ட அறுபது தடவை மிதித்திருப்பான். அவன் அப்பாவும் அப்படியே, பாட்டனும் அப்படியே.

கதையின் ஆரம்பம் நம்ம கடற்கரைக்கும் தெரிந்த ஆள்தான். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து, பரதவர் ஊர்களில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் பெயர்த்த செபங்களை மனப்பாடம் செய்ய வைத்த சவேரியார், 1549 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். அங்கேயும் அதே முறை: உள்ளூர் ஆள் ஒருவரை வைத்து மொழிபெயர்ப்பது, சொல்லிக் கொடுப்பது. முதலில் கடவுளுக்கு 'தைனிச்சி' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அது புத்தரின் ஒரு வடிவத்துக்கான பெயர் என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டு 'தேவுஸ்' என்ற லத்தீன் சொல்லையே வைத்துக்கொண்டார். அடுத்த அறுபது எழுபது வருடத்தில் அங்கே சுமார் மூன்று லட்சம் கிறிஸ்தவர்கள் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

பிறகு அரசியல் மாறியது. பாதிரியார்களின் பின்னால் போர்த்துகீசிய, ஸ்பானியக் கப்பல்கள் வரும் என்ற சந்தேகம் ஆள்பவர்களுக்கு வந்துவிட்டது. அது வெறும் கற்பனை என்று நானும் சொல்ல மாட்டேன். 1597-ல் நாகசாகியில் 26 பேரைச் சிலுவையில் அறைந்தார்கள். (அவர்களில் ஒருவரான கொன்சாலோ கார்சியா பம்பாய்க்குப் பக்கத்தில் உள்ள வசாயில் பிறந்தவர்.) 1614-ல் நாடு முழுக்கத் தடை. 1637-38-ல் ஷிமபாராவில் வரிக்கொடுமையும் பஞ்சமும் விசுவாசமும் சேர்ந்து ஒரு கலகமாக வெடித்தது. கோட்டைக்குள் இருந்த ஆயிரக்கணக்கானவர்களை, பெண்கள் குழந்தைகள் உட்பட, கொன்று தீர்த்தார்கள்.

சாவை விடப் பெரிய அடி ஒன்று 1633-ல் விழுந்திருந்தது. ஜப்பானில் சேசு சபையின் தலைவராக இருந்த கிறிஸ்தோவாவோ ஃபெரெய்ராவைக் குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். ஐந்து மணி நேரத்தில் அவர் விசுவாசத்தை மறுதலித்தார். கூடவே தொங்கவிடப்பட்டவர்களில் ஜூலியன் நகாவுராவும் ஒருவர். சின்ன வயதில் ஜப்பானியத் தூதுக்குழுவில் ரோமுக்குப் போய்ப் போப்பாண்டவரைப் பார்த்து வந்தவர். அவர் மறுதலிக்கவில்லை. நாட்கணக்கில் தொங்கி இறந்தார். ஃபெரெய்ரா ஜப்பானியப் பெயர் வைத்துக்கொண்டு கிறிஸ்தவத்தைத் தாக்கி ஒரு நூலே எழுதினார் என்பது வரலாறு. ஷூசாக்கு எண்டோ 1966-ல் எழுதிய 'மௌனம்' நாவலும், அதை வைத்து ஸ்கோர்சேசி எடுத்த படமும் இந்த ஆளைச் சுற்றித்தான்.

ஃபெரெய்ராவுக்கு முன்பே இன்னொருவர் போயிருந்தார். ஃபாபியன் ஃபுக்கான் என்ற ஜப்பானிய சேசு சபையினர். 1605-ல் பௌத்தத்தையும் கன்பூசியத்தையும் ஷிந்தோவையும் மறுத்து, கிறிஸ்தவமே சரி என்று வாதாடி ஒரு நூல் எழுதினார். 1620-ல் அதே கையால் 'தேவுஸ் மறுப்பு' எழுதினார். சித்திரவதை எதுவும் இல்லாமலே வெளியே வந்தவர். அவருடைய கேள்விகள் லேசானவையும் இல்லை. எல்லாம் வல்ல கடவுள் ஏன் பாவம் நடக்க விட்டார், இவ்வளவு காலம் ஜப்பானியர்களை மட்டும் ஏன் மறந்துபோனார் என்கிற மாதிரிக் கேள்விகள். இன்றைக்கும் ஒரு கல்லூரி மாணவன் கேட்கிற கேள்விதான்.

குடியானவனின் சந்தேகம் வேற மாதிரி. கடவுள் இருக்கிறாரா என்பது அவன் கேள்வி இல்லை. கற்றுக்கொடுத்த சாமியாரே விழுந்துவிட்டார், நானும் மிதித்துவிட்டேன், இனி நான் உள்ளே இருக்கிறேனா, வெளியே இருக்கிறேனா? இதைக் கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. ஒளிந்து பணிபுரிந்த கடைசிக் குருவான மான்சியோ கொனிஷி 1644-ல் கொல்லப்பட்டார். ஞானஸ்நானத்தைப் பற்றிக் கவலை இல்லை, அவசரத்துக்கு யாரும் கொடுக்கலாம். பாவசங்கீர்த்தனம் அப்படியில்லை, அதற்குக் குரு வேண்டும். வருஷா வருஷம் சாவான பாவம் செய்கிற ஜனங்களுக்கு, அந்தப் பாவத்தைக் கழுவ ஒருத்தரும் இல்லை.

இங்கேதான் ஒரு சின்னப் புத்தகம் வருகிறது. 1603-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பெயர் 'கொன்சிரிசான் நோ ரியாகு'. முதல் சொல் போர்த்துகீசியச் சொல்லின் ஜப்பானிய உச்சரிப்பு. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு அதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. வயதானவர்கள் இன்றும் சொல்கிற உத்தம மனஸ்தாப மந்திரம் இருக்கிறதே, அந்த உத்தம மனஸ்தாபம்தான் கொன்சிரிசான். நரகத்துக்குப் பயந்து வருத்தப்படாமல், கடவுளை நேசிப்பதால் வருத்தப்பட்டால், குரு பக்கத்தில் இல்லாவிட்டாலும் பாவம் மன்னிக்கப்படும். ஆனால் குரு கிடைக்கும்போது பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற தீர்மானம் உள்ளே இருக்க வேண்டும். திரிதெந்து சங்கம் 1551-ல் சொன்ன போதனை இது. சேசு சபையினர் போன இடமெல்லாம் இதைக் கொண்டுபோனார்கள். அண்டிரிக் பாதிரியார் நம்ம பக்கம் 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டதும், 1580-ல் பாவசங்கீர்த்தனத்துக்கென்றே ஒரு தமிழ் நூல் அச்சிட்டதும் இதே வேலையின் பகுதி. 1590-ல் ஜப்பானுக்கும் ஓர் அச்சு இயந்திரம் போய்ச் சேர்ந்தது.

புத்தகம் போட்டவர்கள் எதிர்பார்த்தது என்னவோ, குரு வந்து சேரச் சில மாதம் தாமதமாகும் ஊர்களுக்கான ஒரு ஏற்பாடு. அது இருநூறு வருடத்துக்கு ஒரே கதவாகிப் போனது. மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மனப்பாடமாகத் தெரிந்த கொன்சிரிசானைச் சொன்னார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக எனக்கு மனசில்லை. உத்தம மனஸ்தாபத்துக்கு 'இனிமேல் இந்தப் பாவத்தைச் செய்ய மாட்டேன்' என்ற உறுதியும் வேண்டும். அடுத்த தை மாதம் அதிகாரி வருவான், தகட்டை வைப்பான், தானும் மிதிப்பேன் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே 'செய்ய மாட்டேன்' என்று சொன்னார்கள். அது பொய்யா? ஒரு வேதசாஸ்திரியிடம் கேட்டால் உறுதி செல்லாது என்று சொல்லக்கூடும். எனக்கு அது பொய்யாகப் படவில்லை. குடிக்க மாட்டேன் என்று அழுதுகொண்டே சத்தியம் செய்கிற மனுஷன், அந்த நிமிஷத்தில் பொய் சொல்வதில்லை. அவனுக்குத் தன்னைப் பற்றித் தெரியும், அவ்வளவுதான். இவர்களுடைய நிலைமை அதைவிட மோசம், ஏனென்றால் பலவீனம் அவர்களுடையது மட்டும் இல்லை. மிதிக்க மறுத்தால் சாவது தான் ஒருவன் அல்ல. குடும்பம், அக்கம்பக்கத்து ஐந்து வீடு, கடைசியில் ஊர். மறுத்தவர்கள் மட்டுமே கிறிஸ்தவர்கள் என்றால், 1700-க்குள் அங்கே ஒரு செபம் சொல்லக்கூட ஆள் மிஞ்சியிருக்காது.

சாவுக்கும் இதே மாதிரி ஒரு வழி வைத்திருந்தார்கள். எல்லோரும் ஏதாவது ஒரு பௌத்த மடத்தில் பெயர் பதிந்தே ஆக வேண்டும், அடக்கத்துக்கு அந்த மடத்துப் பிக்கு வந்து சூத்திரம் ஓத வேண்டும். அவர் கூடத்தில் ஓதும்போது பக்கத்து வீட்டிலோ அறையிலோ சிலர் உட்கார்ந்து அந்த மந்திரத்தை ரத்து செய்கிற செபத்தைச் சொல்வார்களாம். 'சூத்திரத்தை அழிப்பது' என்றே அதற்குப் பெயர். ஊர் அமைப்பும் பக்காவாக இருந்தது. ஒருவர் நாட்காட்டி காப்பவர், ஒருவர் ஞானஸ்நானம் கொடுப்பவர், ஒருவர் வீடு வீடாகச் செய்தி சொல்பவர். 1658-ல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்திய பிறகு அங்கேயும் சாதாரண ஜனங்கள்தான் செபத்தைக் காப்பாற்றினார்கள். ஆனால் அவர்களுக்கு 1687-ல், முப்பது வருடத்துக்குள், ஜோசப் வாஸ் அடிகளார் வேஷம் மாற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஜப்பானில் அந்த முப்பது வருடம் ஏழு தடவை போனது.

குரு இல்லாத இடத்தில் வேதமும் மெல்ல வேறு உருவம் எடுத்தது. ஒளிந்திருந்தவர்கள் எழுதி வைத்த 'வானமும் பூமியும் தொடங்கியது பற்றி' என்ற நூலில் பொந்தியு பிலாத்து இரண்டு ஆளாகப் பிரிந்துவிடுகிறார், ஒருவர் பொன்ஷா, ஒருவர் பிரோத்து. படித்தால் சிரிப்பு வரும். ஆனால் அதே நூலில் இன்னொன்று இருக்கிறது. குழந்தை இயேசுவைத் தேடி ஏரோது கொன்ற குழந்தைகள் 44,444 பேர் என்கிறது. அத்தனை குழந்தைகளும் உன் பொருட்டுத்தான் செத்தார்கள் என்று தேவுஸ் இயேசுவிடம் சொல்ல, அதற்காக அவர் தவமிருந்து பாடுபடுகிறார். எந்தச் சுவிசேஷத்திலும் இது இல்லை. அடுத்தவன் செத்ததால் தான் பிழைத்தோம் என்று தெரிந்த ஒரு ஜனக்கூட்டம், தங்களைப் போலவே அந்தச் சுமையைத் தூக்குகிற ஒரு கிறிஸ்துவைச் செய்துகொண்டது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

ஜப்பானிய மொழியில் மறுதலிப்பதற்கு 'கொரொபு' என்பார்கள். உருண்டு விழுவது, தடுக்கி விழுவது என்று பொருள். விழ வைத்த அதிகாரிகளுக்கும் இது முடிந்துபோன விஷயம் என்ற நம்பிக்கை இருக்கவில்லை போல. 1630-களில் மறுதலித்தவர்களிடம் எழுதி வாங்கிய சத்தியப் பத்திரங்களில், திரும்பக் கிறிஸ்தவன் ஆனால் தேவுஸும் மாதாவும் சம்மனசுகளும் தன்னைத் தண்டிக்கட்டும் என்று ஆணையிட வைத்தார்கள். யோசிச்சுப் பாருங்க, கிறிஸ்தவத்தை விட்டுவிட்டேன் என்பதற்குக் கிறிஸ்தவக் கடவுளே சாட்சி!

சோத்தோமே பகுதியில் பாஸ்டியன் என்ற உபதேசியார் சொன்னதாக ஒரு தீர்க்கதரிசனம் வழிவழியாக வந்தது: ஏழு தலைமுறை கழித்துப் பெரிய கருப்புக் கப்பலில் பாவசங்கீர்த்தனம் கேட்கிற குருக்கள் வருவார்கள். கவனியுங்க, அரசன் வருவான், விடுதலை வரும் என்று சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க ஆள் வரும். கொன்சிரிசானில் சொன்ன 'குரு கிடைக்கும்போது' என்ற நிபந்தனை அவர்களுக்கு வெறும் வார்த்தையாக இருக்கவில்லை.

1865-ல் நாகசாகியின் ஓவுரா பகுதியில் பிரெஞ்சுக்காரர்களுக்காக ஒரு கோயில் கட்டினார்கள். மார்ச் 17 அன்று பக்கத்துக் கிராமமான உராகாமியிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். பெத்திஜான் என்ற பிரெஞ்சுக் குரு செபம் செய்துகொண்டிருந்தார். ஒரு பெண் அருகில் வந்து, எங்கள் எல்லோர் இருதயமும் உங்கள் இருதயம் போலத்தான் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மாதா சுரூபம் எங்கே என்று கேட்டாள். அவர்கள் பேச்சுவாக்கில், இப்போது துக்க காலம், இன்று பதினேழாவது நாள் என்றார்கள். குருவின் கணக்கிலும் அன்று தவக்காலத்தின் பதினேழாவது நாள். ஏழு தலைமுறையாகக் கையால் கணக்கிட்ட நாட்காட்டியில் ஒரு நாள்கூடப் பிசகவில்லை. பின்னால் வந்தவர்கள், உங்களுக்கு மனைவி உண்டா என்றும் விசாரித்தார்கள். புராட்டஸ்டண்ட் போதகர்கள் வந்துபோகிற ஊரில் நியாயமான சோதனைதான்.

எல்லோரும் திரும்பி வரவில்லை. இக்கிட்சுகி போன்ற தீவுகளில் பலர், முன்னோர் கொடுத்ததை முன்னோர் கொடுத்தபடியே வைத்துக்கொள்கிறோம் என்று தனியாகவே இருந்துவிட்டார்கள். அவர்களைத் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் வாக்குக் கொடுத்திருந்தது ரோமுக்கு அல்ல, தங்கள் பாட்டன்மாருக்கு.

உராகாமிக்காரர்கள் திரும்பியவர்கள். தடை இன்னும் நீங்கவில்லை. 1867-ல் பௌத்த முறை அடக்கம் வேண்டாம் என்று அவர்கள் நேரடியாகச் சொல்லப்போக, ஜூலையில் ஒரே இரவில் 68 பேரைப் பிடித்தார்கள். சித்திரவதையில் கிட்டத்தட்ட எல்லோரும் விழுந்தார்கள். அசையாமல் நின்றவர் என்று பதிவாகியிருப்பவர் தகாகி சென்எமோன். சரி, இத்தோடு கதை முடிந்தது, ஒருவர் வீரர், மற்றவர்கள் கோழைகள் என்று அதிகாரிகளும் நினைத்தார்கள். விழுந்தவர்கள் விடுதலையாகி ஊருக்குப் போனார்கள். கொஞ்ச நாளில் ஊர்த் தலைவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். மறுதலித்ததை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம், திரும்பப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

இருநூறு வருஷப் பழக்கம் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன். விழுவது எப்படி என்று அவர்களுக்குத் தெரியும், விழுந்த பிறகு வீட்டுக்குப் போய் என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியும். இந்தத் தடவை குரு வந்துவிட்டதால் அதை வாசலில் நின்று செய்தார்கள்.

1868 முதல் 1870 வரை உராகாமி முழுவதையும், சுமார் 3,400 பேரை, பல மாகாணங்களுக்கு நாடு கடத்தினார்கள். 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுமார் ஆயிரம் பேர் மீண்டும் மறுதலித்தார்கள், அவர்களிலும் பலர் மீண்டும் திரும்பினார்கள். வெளிநாடுகளின் நெருக்கடியால் 1873-ல் தடைப் பலகைகளை இறக்கினார்கள். மிஞ்சியவர்கள் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

வந்ததும் கொஞ்ச வருடத்தில் அவர்கள் வாங்கிய இடம் ஒன்று உண்டு: பழைய ஊர்த் தலைவரின் வீட்டு மனை. வருஷா வருஷம் தகட்டை வைத்து மிதிக்கச் சொன்ன அதே வீடு. காசு சேர்த்து அதை 1880-ல் வாங்கி, 1895-ல் செங்கல் கோயில் கட்டத் தொடங்கி, 1914-ல் முடித்தார்கள். கீழைநாடுகளில் பெரிய கோயில்களில் ஒன்று என்று பேர் வாங்கியது.

1945 ஆகஸ்ட் 9, வியாழக்கிழமை, காலை 11:02. அணுகுண்டு அந்தக் கோயிலிலிருந்து சுமார் 500 மீட்டரில் வெடித்தது. பங்கின் 12,000 பேரில் சுமார் 8,500 பேர் செத்தார்கள். அன்று காலை கோயிலுக்குள் ஆட்கள் இருந்தார்கள். ஆகஸ்ட் 15 மாதா மோட்சத் திருநாள் நெருங்கியதால், இரண்டு குருக்கள் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.